தட்டைத் திருப்பி வைத்த திங்கட்கிழமை

அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் காலையிலேயே ஒட்டப்பட்டிருந்தது. ‘உடம்புக்கு ஒன்றுமில்லாத ஊழியர்களும் வாராவாரம் பரிசோதனை செய்துகொள்வது இனி அவசியமா? இன்று மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்போம். டீ உண்டு.’ கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே மட்டும் மேனேஜர் கோடு போட்டிருந்தார். எதைச் சொன்னால் கூட்டம் சேரும் என்று தெரிந்த மனிதர்.

பிளம்பர் அதை மூன்று முறை படித்தான்.

அவன் உண்மையில் பிளம்பர் இல்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மெஷினுக்குள் விட்டு, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்கே அனுப்பி வைக்கிற இடம் அது. பத்து நாற்காலி, பத்து மெஷின், பத்து ஊழியர்கள். மெஷின்களும் அவற்றுக்குப் போகிற தண்ணீரும் அவன் பொறுப்பு. இரண்டு வருடம் படித்தவன். சட்டம் போட்ட சான்றிதழ் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதை மாட்டிய நாளில், இனிமேல் நாலு பேர் தன்னை ‘சார்’ என்று கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், குழாய் ஒன்றுக்கு அடியில் அவன் மல்லாந்து கிடந்ததை நான்காம் நாற்காலிக்காரர் பார்த்துவிட்டார். “என்ன பிளம்பர், அடைப்பா?” என்றார். அவ்வளவுதான். படிப்பு சுவரோடு நின்றது, பெயர் ஊரெல்லாம் போனது. எட்டு வருடமாக அவன் பிளம்பர்தான். நோயாளிகளுக்கும் பிளம்பர், டாக்டரம்மாவுக்கும் பிளம்பர். சின்ன சிஸ்டர் ஒருத்தி மட்டும் ‘அண்ணா’ என்பாள்.

அந்த நான்காம் நாற்காலிக்காரர் செத்து இன்றோடு பன்னிரண்டு நாள்.

அவர் உயிரை வாங்கிய காய்ச்சலை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தது அனேகமாகத் தான்தான் என்று பிளம்பருக்குத் தெரிந்து பதினொரு நாள். வேறு யாருக்கும் தெரியாது.

இந்தப் பதினொரு நாளில் அவன் அழவில்லை. இளைக்கவில்லை. தூக்கம் கெடவில்லை, ஒரு நாள் ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தபோது அவனுக்கே கூச்சமாக இருந்தது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. கால் இருக்கிறது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறது. முந்தாநாள் அவன் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “இன்னிக்கு எதுலயுமே உப்புப் போடலீங்க, மறந்துட்டேன். நீங்க என்னடான்னா ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அதான் நானும் கேக்கறேன். ஒண்ணுமே இல்லையே, ஏன்?”

அந்த வருடம் தொற்றுக் காய்ச்சல் ஒன்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. திடமான ஆளுக்கு அது மூன்று நாள் மூக்கொழுகல். மெஷினை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படியில்லை. அதனால் டாக்டரம்மா நான்கு மாதம் முன்பு ஒரு சட்டம் போட்டார்: திங்கட்கிழமை காலை, முதல் நோயாளி வருவதற்கு முன்னால், ஊழியர் அத்தனை பேரும் மூக்கைக் குடைந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு கோடு வந்தால் வேலைக்கு. இரண்டு கோடு வந்தால் வீட்டுக்கு, ஏழு நாள், தனி அறை.

“தும்முறவங்க மட்டும் பண்ணிக்கிட்டாப் போதாதா டாக்டர்?” என்று மேனேஜர் அன்றைக்கே கேட்டார்.

“தும்முறவன் தானாவே வீட்டுக்குப் போயிடுவான். தும்மாம நல்லா இருக்கானே, அவனை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

சட்டம் வந்தது. சட்டத்தோடு ஒரு சிக்கலும் வந்தது. ஆளுக்கொரு கிட். விரல் நீளத்து வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. ஒரு முனையில் சொட்டு விட ஓட்டை, நடுவில் கோடு தெரிகிற ஜன்னல். எந்தக் கிட் யாருடையது என்று அதன்மேல் பெயர் எழுதினார்கள். ஆனால் டயாலிசிஸ் நிலையத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு, அதற்கு மருந்தும் கிடையாது: கையில் எது கிடைத்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள். மேஜையைத் துடைப்பார்கள், கதவுப் பிடியைத் துடைப்பார்கள், தங்கள் வீட்டு டிவி ரிமோட்டைத் துடைப்பார்கள். ஸ்பிரிட் ஈரம் காயாத கையால் கிட்டைத் தொட்டதும் எழுதின பெயரெல்லாம் கரைந்து போயிற்று. முதல் திங்கட்கிழமை பத்துக் கிட்டும் பத்து நீலக் கறையுமாகக் கிடந்தன.

யோசனை சொன்னவன் பிளம்பர்தான். கை கழுவுகிற தொட்டிக்கு மேலே இருந்த அலமாரிப் பலகையின் விளிம்பில் பிளாஸ்டரை நீளமாக ஒட்டி, ஒன்று முதல் பத்து வரை எழுதினான். பலகைமேல் ஒரு ஸ்டீல் தட்டு. அவரவர் எண்ணுக்கு நேரே அவரவர் கிட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியது. கிட்டில் எழுதவே வேண்டாம். சின்ன சிஸ்டர் மூன்று. பிளம்பர் எட்டு. பதினைந்து நிமிடம் கழித்து ஒரே ஆள் வந்து எல்லாவற்றையும் படித்து, ஒரு படம் எடுத்து, எல்லோருடைய ஃபோனுக்கும் அனுப்ப வேண்டியது. அந்த ஒரே ஆள் யார்? யோசனை சொன்னவன் தலையில்தானே வேலை விழும். பெரிய சிஸ்டர் அவன் மூளையைப் பாராட்டி, இனித் தேவைப்படாத அந்த நீல மார்க்கரை அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

நான்காம் நாற்காலிக்காரருக்குக் காய்ச்சல் வந்த வாரத்துத் திங்கட்கிழமை, யாரோ பலகையில் சொட்டு சிந்தியிருந்தார்கள். தட்டுக்கு அடியில் ஈரம். பிளம்பர் பத்துக் கிட்டோடும் தட்டைத் தூக்கித் தொட்டி ஓரத்தில் வைத்தான், பலகையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், தட்டை எடுத்து மறுபடி மேலே வைத்தான். சுத்தமாக இருந்தது. திருப்தியாக இருந்தது. பிறகு மணி அடித்ததும் வந்து படித்தான். மூன்றாம் எண்ணுக்கு நேரே இரண்டு கோடு.

“எனக்கா?” என்றாள் சின்ன சிஸ்டர். “எனக்கு ஒண்ணுமே இல்லையே அண்ணா. மூக்குகூட ஒழுகல. நேத்து மூணு மாடி ஓடி ஏறினேன்.”

“அதுக்குத்தானேம்மா டெஸ்ட்டு. ஒண்ணும் இல்லாத ஆளைத்தானே தேடறோம்” என்றான் பிளம்பர். நிதானமாக, ஒரு சார் சொல்வதுபோலச் சொன்னான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் இரண்டே அறை. உள்ளறையில் அவள், வெளியறையில் கணவனும் மூன்று வயது மகளும். முதல் மூன்று நாள் குழந்தை கதவைத் தட்டித் தட்டி அழுதது. நான்காம் நாள் கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியாகத் தன் கிரேயான் ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளிவிட்டது. ஐந்தாம் நாளிலிருந்து கதவுப் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் கதவு திறந்தபோது அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. மூன்று வாரமாகியும் தூங்குவதற்கு அம்மாவிடம் வருவதில்லை. இதையெல்லாம் சின்ன சிஸ்டர் அவனிடம்தான் சொல்வாள். டீ குடிக்கும்போது சொல்வாள். “நேத்து என் கையைப் பிடிச்சா அண்ணா. ரோடு கடக்கறதுக்கு மட்டும்.” பிளம்பர் “சரியாயிடும்மா” என்பான். பதினொரு நாளாக அதை வேறு குரலில் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் கவனிக்கவில்லை.

அதே திங்கட்கிழமை நான்காம் நாற்காலிக்காரர் ஜன்னலோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். ஜன்னல் சீட் இல்லாவிட்டால் ரத்தம் சுத்தமாகாது என்று சண்டை போட்டு அந்த இடத்தை வாங்கியவர். பிளம்பர் மெஷினைப் பார்க்க வரும்போதெல்லாம் கையை நீட்டுவார்: “டிக்கெட்?” அவன் கழுத்தில் தொங்குகிற அட்டையைக் காட்டுவான். கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பார். “இது நேத்து வண்டிக்கு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கோ.” எட்டு வருடமாக இதே ஜோக். எட்டு வருடமாக இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“சின்ன சிஸ்டர் எங்கே?” என்று கேட்டார் அன்றைக்கு.

பிளம்பர் சொன்னான். அவருக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்தால்தான் புரியும். அதனால் பிளம்பர் எப்போதும் செய்வதுபோல முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டுக் குனிந்து சொன்னான். இழுக்கக் கூடாதுதான். ஆனால் ஜோக்கை உரக்கக் கத்தினால் அது ஜோக் இல்லை, அறிவிப்பு.

“அடப்பாவமே” என்றார் அவர். “ஒண்ணுமில்லாத பொண்ணை இறக்கிவிட்டீங்களா? இங்க பாரு பிளம்பர், முப்பது வருஷம் வண்டி ஏறி இறங்கியிருக்கேன். டிக்கெட் வெச்சிருக்கிறவன் பதறிப் பதறிப் பையில தேடுவான். வித்தவுட்ல வர்றவன் இருக்கானே, அவன் கால் மேல கால் போட்டுக்கிட்டுப் பேப்பர் படிப்பான். முகத்தைப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. ராஜா மாதிரி இருப்பான்.”

“அப்போ எப்படிப் பிடிப்பீங்க?”

“எல்லார்கிட்டயும் கேப்பேன். வேற வழி?”

பிளம்பர் சிரித்தான். அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், வாய்விட்டு, நன்றாகச் சிரித்தான். புதன்கிழமையும் சிரித்தான். அந்த வாரம் அவன் மனைவி இரண்டு நாள் தொண்டை கரகரக்கிறது என்று வெந்நீர் குடித்தாள். ஐஸ் தண்ணீர்தான் காரணம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை ஜன்னலோரக்காரருக்குக் காய்ச்சல். சனிக்கிழமை பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பேருக்கு. அந்த இருவரும் ஒரு வாரம் படுத்து எழுந்து வந்துவிட்டார்கள். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் செத்த மறுநாள், அறிவிப்புப் பலகையில் ஒட்ட அவர் படம் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். பிளம்பர் தன் ஃபோனில் தேடினான். அவன் ஃபோனில் மனிதர்கள் குறைவு. வடிகட்டிகள், அளவுமானிகள், ஒழுகுகிற இணைப்புகள், அப்புறம் வரிசையாகத் திங்கட்கிழமைத் தட்டுகள். தள்ளிக்கொண்டே போனவன் ஒரு தட்டில் நின்றான். ஏதோ உறுத்தியது. முந்தின வாரத் தட்டைப் பார்த்தான். பிந்தின வாரத் தட்டைப் பார்த்தான். எல்லாத் திங்கட்கிழமையும் சொட்டு விடுகிற ஓட்டை கீழே, எண்களை ஒட்டி இருந்தது. அந்த ஒரு திங்கட்கிழமை மட்டும் பத்து ஓட்டையும் மேலே, சுவர்ப் பக்கம் இருந்தன.

துடைத்துவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்திருக்கிறான்.

படத்தை நேராக்கிப் பார்க்க ஃபோனைத் திருப்பினான். ஃபோன் உதவியாகப் படத்தையும் திருப்பி, பழையபடியே காட்டியது. மறுபடி திருப்பினான். மறுபடி காட்டியது. கடைசியில் ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு, எழுந்து, மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். இடமிருந்து எண்ணினான். இரண்டு கோடு எட்டாவதில் இருந்தது. வலமிருந்து எண்ணிச் சரிபார்த்தான். கணக்கில் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

அப்புறம் ஜன்னலோரக்காரர் படம் ஒன்றைத் தேடி எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினான். அப்புறம் மூன்றாம் மெஷினுக்கு வடிகட்டி மாற்றினான்.

இன்று, சனிக்கிழமை, காலை பதினொன்றரைக்கு ஜன்னலோரக்காரரின் மனைவி வந்தார். நான்காம் எண் அலமாரியில் இருக்கிற சாமான்களை எடுத்துப்போக வேண்டுமாம். ஒரு துணிப்பையை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். சாவி பிளம்பரிடம்.

உள்ளே ஒரு போர்வை, ஒரு ஜோடி செருப்பு, மூக்குக்கண்ணாடிப் பெட்டி, பாதிக் கட்டம் நிரப்பிய குறுக்கெழுத்துப் புத்தகம். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். செருப்பை மட்டும் வெளியே எடுத்து, போர்வையைச் சுற்றி, மறுபடி வைத்தார்.

“நீங்கதானே பிளம்பர்?”

“ஆமாம்மா.”

“உங்களைப் பத்தித்தான் பேசுவார். நான் சொன்ன ஜோக்குக்கு அந்தப் பையன் எப்படிச் சிரிச்சான் தெரியுமாம்பார். நாப்பது வருஷமா அதே ஜோக்கை நான் கேட்டுட்டேன் தம்பி, எனக்குச் சிரிப்பு வரல. இங்க வந்து சிரிச்சுட்டு வருவார். நல்லதுதான்.”

பிளம்பர் அலமாரியின் உட்பக்கத்தைத் துடைத்தான். கையில் ஸ்பிரிட் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

“எப்படித் தொத்துச்சுன்னு இங்க யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா. அவன் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: “நான்தான் கொடுத்திருப்பேன். அந்த ஞாயித்துக்கிழமை கடைத்தெருவுக்குப் போனேன். போகாதேன்னு சொன்னார். வெங்காயம் இல்லைன்னு போனேன். வெங்காயம் இல்லாம ஒரு வாரம் ஓட்டியிருக்கலாம்ல?”

இது கேள்வி. பதில் அவனிடம் இருந்தது. சட்டைப் பையில், ஃபோனுக்குள், படமாகவே இருந்தது.

“உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது இருந்துச்சாம்மா?”

“எனக்கு ஒண்ணுமே இல்ல. அதான் பயமா இருக்கு. ஒண்ணுமில்லாதவங்கதானே கொடுப்பாங்களாம்? டிவியில சொன்னான்.”

“அப்படியெல்லாம்... சொல்லிட முடியாதும்மா” என்றான் பிளம்பர். அவ்வளவுதான் வந்தது. அந்த அம்மா தலையாட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். படியிறங்கும்போது இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மூன்று மணிக்குக் கூட்டம். ஓய்வறையின் நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர். மேனேஜர் தலைமாட்டில், டாக்டரம்மா கால்மாட்டில். டீ வந்திருந்தது. கோடு போட்ட அளவுக்குச் சூடு இல்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். “நாலு மாசமா டெஸ்ட் பண்றோம். மொத்தம் கண்டுபிடிச்சது ஒரே ஒரு ஆளை. நம்ம சின்ன சிஸ்டரை. அவங்களுக்கு ஒரு தும்மல் வந்துச்சா? வரல. வீட்ல சின்னக் குழந்தை, வீட்டுக்காரர், யாருக்காவது வந்துச்சா? வரல. சும்மா இருந்த பொண்ணை ஏழு நாள் பூட்டி வெச்சோம். சரி, அப்படிப் பூட்டினதால நோய் உள்ள வராம இருந்துச்சா? அதே வாரம் மூணு பேருக்கு வந்துச்சு. ஒருத்தர் போயே போயிட்டார்.” இந்த இடத்தில் அவர் உண்மையாகவே தலையைக் குனிந்தார். “அப்போ இந்த டெஸ்ட், பிடிக்க வேண்டியதைப் பிடிக்கல. பிடிக்கக் கூடாததைப் பிடிச்சிருக்கு. உடம்பு சரியில்லாதவங்க மட்டும் பண்ணட்டும், மத்தவங்க அவங்கவங்க வேலையைப் பார்க்கட்டும்ங்கறேன். தப்பா?”

பெரிய சிஸ்டர் பெருமூச்சு விட்டார். டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“நீ என்னம்மா சொல்றே?” என்று சின்ன சிஸ்டரைக் கேட்டார்.

“நிறுத்திட்டா நல்லதுன்னுதான் தோணுது டாக்டர். என் பொண்ணு இன்னும்...” என்றவள் முடிக்கவில்லை. “யாருக்காவது பிரயோஜனமா இருந்திருந்தா பரவாயில்ல. யாருக்கும் இல்லாமப் போச்சே. அதான்.”

“சரி” என்றார் டாக்டரம்மா. “நிறுத்தலாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க.”

கைகள் ஏறின. மேனேஜர் பென்சிலால் எண்ண ஆரம்பித்தார். பிளம்பர் கையும் ஏறியது.

“ஆறு... பிளம்பர், ஏழு...”

“என்னை எண்ணாதீங்க சார். இது ஓட்டு இல்ல. பேசணும்.”

“கையை இறக்கிட்டுப் பேசுங்க, கணக்கு தப்புது.”

பிளம்பர் கையை இறக்கி, அதே கையால் ஃபோனை எடுத்து, அந்தத் திங்கட்கிழமைப் படத்தைத் திறந்து மேஜை நடுவில் வைத்தான். பேசப் போகிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தான். அது தன் பாட்டுக்கு இருந்தது.

“இந்தப் படம் உங்க எல்லார் ஃபோன்லயும் இருக்கு. யாரும் பெரிசாக்கிப் பார்த்திருக்க மாட்டீங்க, நானும் பார்க்கல. சொட்டு விடற ஓட்டை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.”

தலைகள் குனிந்தன. “மேலே இருக்கு” என்றார் பெரிய சிஸ்டர். “மேலே இருந்தா என்ன?”

“எப்பவும் கீழேதான் இருக்கும். அன்னிக்குப் பலகை ஈரமா இருந்துச்சு. தட்டை எடுத்துத் துடைச்சேன். துடைச்சுட்டுத் திருப்பி வெச்சிருக்கேன். ஒண்ணு பத்தாயிடுச்சு. ரெண்டு ஒன்பதாயிடுச்சு.” மூன்று என்ன ஆனது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னான், மெஷின் கோளாறை விவரிக்கிற குரலில் சொன்னான். “மூணு எட்டாயிடுச்சு. எட்டு நான்.”

ஒருவரும் நம்பவில்லை. நம்புவதற்காக எல்லோரும் எழுந்தார்கள். டாக்டரம்மா மேஜையைச் சுற்றி வந்தார், பெரிய சிஸ்டர் வந்தார், மேனேஜர் பென்சிலோடு வந்தார். எதிர்ப்பக்கமாகப் போய் நின்று, ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்து, விரல் வைத்து எண்ணினார்கள். சின்ன சிஸ்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் முதலிலிருந்தே அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் படம் நேராகத்தான் தெரிந்தது.

“அந்த வாரம் உங்களுக்கு ஏதாவது...?” என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா.

“ஒண்ணுமே இல்ல டாக்டர். நல்லா இருந்தேன். புதன்கிழமை ரெண்டு ஷிஃப்ட் பார்த்தேன். அவருக்குக் காது கேக்காதுன்னு மாஸ்க்கை இறக்கிட்டுப் பேசினேன். ரெண்டு நாளும்.”

டாக்டரம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “உங்ககிட்டேருந்துதான் போச்சுன்னு யாராலயும் நிச்சயமாச் சொல்ல முடியாது” என்றார்.

“தெரியும் டாக்டர். அதை வெச்சுத்தான் பதினொரு நாள் ஓட்டினேன்.”

“எத்தனை நாள்?” என்றாள் சின்ன சிஸ்டர்.

“பதினொண்ணு.”

“டெய்லி டீ குடிச்சோமே.” அவள் குரல் உயரவில்லை. “டெய்லி உங்ககிட்டதானே சொன்னேன். கிரேயான் கதையெல்லாம் சொன்னேனே. ஒரு நாள்கூடச் சொல்லணும்னு தோணலையா அண்ணா?”

“தோணுச்சும்மா. தினம் தோணுச்சு. அது தொண்டைக்கு வர்றதுக்குள்ள டீ முடிஞ்சுடும்.”

அது ஜோக் இல்லை. ஜோக் மாதிரி வந்துவிட்டது. அவன் வாய்க்கு வேறு வடிவம் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. சின்ன சிஸ்டர் தன் கோப்பையைக் கழுவும் தொட்டிக்கு எடுத்துப்போய், கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

மேனேஜர் பென்சிலைக் காதில் செருகினார். “இதை எழுத்துல தரணும்” என்றார். சொன்ன பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், “டீ எடுத்துக்கோங்க பிளம்பர்” என்றும் சொன்னார்.

“எழுதித் தரட்டும்” என்றார் டாக்டரம்மா. “டெஸ்ட் அது பிடிக்க வேண்டியதைச் சரியாத்தான் பிடிச்சிருக்கு. நாமதான் வேற ஆளை இறக்கிவிட்டிருக்கோம். திங்கட்கிழமை எல்லாரும் வரணும். உடம்புக்கு ஒண்ணுமில்லாதவங்க முதல்ல வரணும்.” பிறகு பிளம்பர் பக்கம் திரும்பினார். “உங்களை நான் திட்டணும். இப்ப வரல. அந்தக் குடும்பத்துக்கு நான் ஃபோன் பண்றேன்.”

“நான் பண்றேன் டாக்டர்.”

தண்ணீர் அறையில் நான்கு தொட்டிகளும் ஒரு மோட்டாரும் உண்டு, ஓயாத இரைச்சல். அங்கே நின்றுகொண்டு கூப்பிட்டான். அந்த அம்மா எடுத்தார். போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருப்பதாகச் சொன்னார். பிளம்பர் தட்டைப் பற்றிச் சொன்னான். எண்களைப் பற்றிச் சொன்னான். அது அவருக்குப் புரியவில்லை, விட்டுவிட்டு நேராகச் சொன்னான்: “அந்த வாரம் நோய் என்கிட்ட இருந்துச்சும்மா. எனக்கே தெரியாது. அவர் பக்கத்துல நின்னு பேசினேன். அனேகமா என்கிட்டேருந்துதான் வந்திருக்கும்.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தான். அறுந்திருக்கவில்லை.

“அப்போ நான் இல்லையா?” என்றார் அந்த அம்மா.

“இல்லம்மா.”

“வெங்காயம் வாங்கப் போனது இல்லையா?”

“இல்லம்மா.”

அந்தப் பக்கம் அழுகை ஆரம்பித்தது. திட்டு வரும் என்று பிளம்பர் காத்திருந்தான். வரவில்லை. அழுகைதான் வந்துகொண்டிருந்தது, அதில் எது துக்கம் எது நிம்மதி என்று பிரித்துச் சொல்கிற வடிகட்டி எதுவும் அவனிடம் இல்லை. அவர் அழுது முடிக்கிறவரை ஃபோனைக் காதில் வைத்திருந்தான். மறு கையால் தொட்டியின் மூடியைத் துடைத்தான். நடுவில் ஒரு தரம், தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பலகையின் விளிம்பில் பிளாஸ்டர் இல்லை. தட்டு மாறியிருந்தது. புதுத் தட்டின் உட்பக்கத்திலேயே ஒன்று முதல் பத்து வரை யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். ஸ்பிரிட்டுக்குப் போகாது, திருப்பினாலும் கூடவே திரும்பும். படிக்கிற வேலையையும் மாற்றியாயிற்று. இனி சின்ன சிஸ்டர் படிப்பாள். அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

பிளம்பர் மூக்கைக் குடைந்தான். சொட்டு விட்டான். எட்டில் வைத்தான். பதினைந்து நிமிடம் சுவரோரமாக நின்றான். மற்றவர்கள் உடை மாற்றப் போய்விட்டார்கள். சின்ன சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவளிடம் குழந்தையைப் பற்றிக் கேட்க வேண்டும் போல இருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது நடந்திருக்கும். வாய் வரைக்கும் வந்ததை அவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

மணி அடித்தது. அவள் குனிந்து, தொடாமல், ஒவ்வொன்றாகப் படித்தாள். படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

“எட்டு. ஒரு கோடுதான். நீங்க போய் வேலையைப் பாருங்க சார்.”

சான்றிதழை மாட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லை அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். பிளம்பர் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். முதல் நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்து நாற்காலியில் புதிதாக ஒருவர், எங்கே சாய்வது, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பிளம்பர் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் அழுத்திவிட்டுக்கொண்டு, மெஷினுக்குத் தண்ணீரைத் திறந்தான்.